பஜ்ஜி சுட்ட எண்ணெய் எங்கே போகிறது?

ஆயிரம் பேர் சாப்பிடும் ஒரு கல்லூரி விடுதியில் மாலைச் சிற்றுண்டிக்குப் பஜ்ஜி என்றால், பெரிய இரும்புச் சட்டியில் ஒரு டின் எண்ணெயாவது காய்ந்துகொண்டிருக்கும். பெரும்பாலும் அது பாமாயில்தான். பஜ்ஜி முடிந்ததும் எண்ணெயை ஆறவைத்து வடிகட்டுவார்கள். மறுநாள் அதிலேயே பூரி, அதற்கு மறுநாள் அப்பளம். நாலைந்து முறை ஆன பிறகு எண்ணெய் கறுத்துவிடும், நுரைக்கும், அடுப்பில் வைத்த கொஞ்ச நேரத்திலேயே புகையும். இனிமேல் இதில் சுட முடியாது என்று சமையல்காரர் அதை ஒரு பழைய டின்னில் ஊற்றி மூலையில் வைத்துவிடுவார்.

அப்புறம் அந்த டின் எங்கே போகிறது? விடுதியில் தங்கிப் படித்தவர்களிடம் கேட்டுப்பாருங்கள், அநேகமாகத் தெரியாது. சாக்கடையில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். அதனால் காசு கொடுத்து எடுத்துப் போக வருபவரிடம் கொடுத்துவிடுகிறார்கள். அவரிடமிருந்து அது சோப்புப் பட்டறைக்குப் போகலாம். அல்லது புது எண்ணெய் வாங்கக் கட்டுப்படியாகாத ஒரு சின்னக் கடையின் சட்டிக்கும் போகலாம். இந்த இரண்டாவது வழிதான் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளை வெகுகாலமாகக் கவலைப்படுத்தி வருகிறது.

கல்லூரி வளாகத்திலேயே பழைய எண்ணெயை பயோடீசலாக, அதாவது டீசல் இயந்திரத்தில் ஊற்றக்கூடிய எரிபொருளாக மாற்றலாம் என்ற பேச்சு வந்தால், எவ்வளவு டீசல் மிச்சமாகும் என்பதில்தான் எல்லார் கவனமும் போகிறது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, அந்த எண்ணெய் இன்னொருவர் சாப்பாட்டுக்குள் நுழையாமல் நிற்பதுதான். எண்ணெய் எங்கிருந்து வந்தது, எத்தனை முறை காய்ந்தது, கடைசியில் எங்கே எரிந்தது என்று முழுக் கணக்கும் சொல்லக்கூடிய இடங்கள் குறைவு. பல்கலைக்கழக வளாகம் அப்படிப்பட்ட ஓர் இடம். சமையலறை, வேதியியல் ஆய்வகம், பேருந்து மூன்றும் ஒரே மதில்சுவருக்குள் இருக்கின்றன. சோதித்துப் பார்க்கத் தெரிந்த ஆட்களும் அங்கேயே இருக்கிறார்கள்.

இதைச் செய்து காட்டிய இடங்களில் ஒன்று சிகாகோவின் லொயோலா பல்கலைக்கழகம். நம் சென்னை லயோலாவைப் போலவே சேசு சபையார் நடத்துவது. மிச்சிகன் ஏரிக்கரையில் அதன் முக்கிய வளாகம் இருக்கிறது. 2007-ல் அங்கே சுற்றுச்சூழல் சிக்கல்களுக்கு மாணவர்களே தீர்வு காண வேண்டும் என்ற நோக்கத்தோடு ஒரு பாடம் தொடங்கினார்கள். அதில் எடுத்துக்கொண்ட வேலை, சாப்பாட்டுக்கூடங்களில் மிஞ்சும் பொரித்த எண்ணெயை பயோடீசலாக்குவது. பாடம் முடிந்தும் வேலை நிற்கவில்லை. 2013-ல் சுற்றுச்சூழல் படிப்புக்கெனப் புதுக் கட்டடம் எழும்பியபோது, அதற்குள் பயோடீசலுக்கென்றே ஓர் ஆய்வகம் வந்துவிட்டது. அங்கே தயாரான எரிபொருள் பல்கலைக்கழகத்தின் இரண்டு வளாகங்களுக்கு இடையே மாணவர்களை ஏற்றிச் செல்லும் பேருந்துகளுக்குப் போனது. மிஞ்சும் கிளிசரினில் கை கழுவும் சோப்பு செய்தார்கள். பயோடீசலை விற்க அமெரிக்காவில் முதலில் உரிமம் பெற்ற கல்வி நிறுவனம் தாங்கள்தான் என்று அந்தப் பல்கலைக்கழகம் சொல்லிக்கொள்கிறது.

உரிமம் என்று சொன்னேன் அல்லவா, அது காகித வேலை மட்டும் கிடையாது. ஒரு லிட்டர் செய்து மேசைமேல் வைத்துக் காட்டுவதும், ஒவ்வொரு வாரமும் ஒரே தரத்தில் செய்து பேருந்துக்கு ஊற்றுவதும் வேறு வேறு வேலைகள். அந்த வித்தியாசம் புரிய, எண்ணெய்க்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

டீசல் இயந்திரத்துக்குத் தாவர எண்ணெய் புதிதல்ல. 1900-ல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில் ஓட்டோ நிறுவனம் வைத்திருந்த ஒரு சிறிய டீசல் இயந்திரம் நிலக்கடலை எண்ணெயில் ஓடியது. அது கடலை எண்ணெயில் ஓடுகிறது என்பது அங்கிருந்தவர்களில் வெகு சிலருக்கே தெரியும், அவ்வளவு சாதாரணமாக ஓடியது என்று ருடால்ஃப் டீசலே பின்னாளில் சொன்னார். ஆப்பிரிக்கக் காலனிகளில் விளையும் கடலையை அங்கேயே எரிபொருளாக்கலாமா என்ற பிரெஞ்சு அரசின் யோசனைதான் அதற்குப் பின்னால் இருந்தது.

அப்படியென்றால் எண்ணெயை அப்படியே ஊற்றி ஓட்டிவிடலாமே? கொஞ்ச நாள் ஓடும். பிறகு தொல்லை கொடுக்கும். காரணம் எண்ணெயின் கெட்டித்தன்மை. டீசலைவிடச் சமையல் எண்ணெய் பத்து மடங்குக்கு மேல் பிசுபிசுப்பானது. எரிபொருளைப் பனிபோலத் தூவ வேண்டிய ஊசித்துளையில் அது துளித்துளியாக விழும், சரியாக எரியாது, கரி படியும், மசகு எண்ணெயில் கலந்து அதையும் கெடுக்கும்.

இதற்கான மருந்தை 1937-ல் ஒரு பல்கலைக்கழகக்காரர்தான் கண்டார். பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷவான், பனை எண்ணெயை எத்தனாலோடு வினைபுரியச் செய்து கிடைக்கும் எஸ்டரை இயந்திர எரிபொருளாகப் பயன்படுத்த காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டு பிரஸ்ஸல்ஸுக்கும் லூவனுக்கும் இடையே ஒரு பயணிகள் பேருந்து அந்த எரிபொருளில் ஓடியது. பயோடீசல் என்ற பெயர் அப்போது வழக்கத்தில் இல்லை. ஆனால் இன்று நாம் செய்வது அதே வினைதான்.

எண்ணெயின் ஒரு மூலக்கூறை இப்படி நினைத்துக்கொள்ளுங்கள். கிளிசரின் என்பது ஒரு காம்பு. அந்தக் காம்பில் மூன்று நீளமான கொழுப்பு அமில இழைகள் தொங்குகின்றன. மூன்றும் ஒரே காம்பில் கட்டுண்டிருப்பதால்தான் எண்ணெய் இவ்வளவு கெட்டியாக இருக்கிறது. காம்பை உருவிவிட்டு, ஒவ்வொரு இழையின் நுனியிலும் மெத்தனால் என்ற ஆல்கஹாலின் ஒரு சின்னத் துண்டை மாட்டிவிட்டால் மூன்று மெல்லிய, தனித்தனி மூலக்கூறுகள் கிடைக்கும். எஸ்டர் என்று சொன்னேனே, அது இவைதான். இவைதான் பயோடீசல். கழன்று விழுந்த காம்பு கிளிசரினாக அடியில் தங்கும். இந்த மாற்றம் தானாக நடக்க நெடுங்காலம் ஆகும். காஸ்டிக் சோடா, காஸ்டிக் பொட்டாஷ் போன்ற ஒரு காரத்தைக் கொஞ்சம் சேர்த்தால் 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு மணி நேரத்தில் பெரும்பகுதி முடிந்துவிடும்.

கணக்குப்படி ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஏறக்குறைய 125 மில்லிலிட்டர் மெத்தனால் போதும். ஆனால் 200-லிருந்து 250 மில்லிலிட்டர்வரை ஊற்றுகிறார்கள். இந்த வினை இரண்டு திசையிலும் போகக்கூடியது. மெத்தனால் அளவோடு இருந்தால் பாதி வழியில் நின்றுவிடும். கூடுதலாக இருந்தால்தான் பயோடீசல் பக்கம் தள்ளிக்கொண்டு போகும்.

புது எண்ணெயாக இருந்தால் கதை இத்தோடு முடிந்துவிடும். நம்முடையது பஜ்ஜி சுட்ட எண்ணெய்.

மாவில் இருக்கும் ஈரமும், வாழைக்காயில் இருக்கும் தண்ணீரும் கொதிக்கும் எண்ணெயில் ஆவியாகப் பொங்கும்போது, அந்த நீர் எண்ணெய் மூலக்கூறுகளில் சிலவற்றை வெட்டிவிடுகிறது. காம்பிலிருந்து அறுந்த கொழுப்பு அமில இழைகள் எண்ணெய்க்குள் தனியாக மிதக்கத் தொடங்குகின்றன. காற்று பட்டும் சூடு பட்டும் இன்னும் சில ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கோந்துபோல் தடிக்கின்றன. சட்டியின் விளிம்பில் துடைத்தாலும் போகாமல் பிடித்திருக்கும் அந்தப் பழுப்புப் பிசின் இதுதான். எண்ணெய் இப்படிச் சிதைந்து உண்டாகும் பொருள்களைத் துருவச் சேர்மங்கள் என்பார்கள். உடம்புக்குக் கேடு செய்பவற்றில் பலவும் அவற்றில் அடக்கம்.

பயோடீசல் செய்பவருக்குப் பெரிய எதிரி, தனியாக மிதக்கும் அந்தக் கொழுப்பு அமிலங்கள். காஸ்டிக் சோடாவைப் போட்டதும் எண்ணெயைத் தொடுவதற்கு முன் அவை அதைப் பிடித்துக்கொண்டு சோப்பாகிவிடும். வினையை நடத்த வேண்டிய காரம் சோப்பில் போய் முடிந்தால் எண்ணெய் எண்ணெயாகவே நிற்கும். காரத்தை இஷ்டத்துக்குக் கூட்டினாலும் ஆபத்துதான், சட்டி முழுக்கக் களியாகிவிடும். பயோடீசல் முயன்று தோற்றவர்களில் பாதிப்பேர் இந்தக் களியைப் பார்த்துவிட்டுத்தான் விட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

ஆகவே ஒவ்வொரு டின்னிலும் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்று முன்கூட்டியே அளக்க வேண்டும். பிளஸ் டூ வேதியியல் செய்முறைத் தேர்வில் எல்லாரும் செய்த அதே தரம் பார்த்தல்தான் அது. ஒரு லிட்டர் வாலை வடிநீரில் ஒரு கிராம் காஸ்டிக் சோடாவைக் கரைத்துப் பியூரெட்டில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு மில்லிலிட்டர் பழைய எண்ணெயைப் பத்து மில்லிலிட்டர் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கலந்து, காரம் மிஞ்சினால் நிறம் மாறிக் காட்டும் ஃபீனால்ஃப்தலீன் இரண்டு சொட்டு விட்டு, பியூரெட்டைத் திறந்து சொட்டுச் சொட்டாக விட வேண்டும். இளஞ்சிவப்பு வந்து அரை நிமிடம் நிலைத்தால் நிறுத்திவிடலாம். எத்தனை மில்லிலிட்டர் இறங்கியதோ, லிட்டருக்கு அத்தனை கிராம் காரம் கூடுதலாகத் தேவை. புது எண்ணெய்க்கு லிட்டருக்கு மூன்றரையிலிருந்து ஐந்து கிராம் காஸ்டிக் சோடா போதும் என்றால், இரண்டு மில்லிலிட்டர் இறங்கிய எண்ணெய்க்கு ஐந்தரையிலிருந்து ஏழு கிராம்.

ஃபீனால்ஃப்தலீன் கிடைக்காத இடங்களில் மஞ்சள்தூளை வைத்தே இதைப் பார்க்கிறவர்கள் உண்டு. ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்ததும் சிவக்கிறதே, அதே மாற்றம். காரம் மிஞ்சத் தொடங்கும் இடத்தில் மஞ்சள் நிறம் சிவப்புக்குத் தாவும். நம் வீட்டு வாசலில் காலங்காலமாக நடந்துகொண்டிருக்கும் வேதியியல் இது என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

இந்தச் சோதனை காரத்தின் அளவைச் சொல்வதோடு நிற்பதில்லை, சமையலறையைப் பற்றியும் சொல்லிவிடும். ஒரு மில்லிலிட்டருக்குள் முடிந்தால் அந்த விடுதியில் எண்ணெயை நேரத்தோடு மாற்றுகிறார்கள் என்று அர்த்தம். மூன்று, நான்கு என்று ஏறிக்கொண்டே போனால், அந்த எண்ணெயில் சுட்டதைத்தான் மாணவர்கள் சாப்பிட்டிருக்கிறார்கள். ஆய்வகத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் வாரம்தோறும் இந்த அளவை எழுதிவந்தால், எரிபொருளுக்கு மட்டுமில்லாமல் சாப்பாட்டுத் தரத்துக்கும் அது ஒரு சாட்சியாகிவிடுகிறது. ரொம்பவும் கெட்டுப்போன எண்ணெய்க்கு முதலில் கந்தக அமிலத்தையும் மெத்தனாலையும் வைத்து அந்தத் தனி அமிலங்களையே எஸ்டராக மாற்றிவிட்டு, பிறகு காரத்துக்குப் போகும் இரண்டு கட்ட முறை உண்டு. அது கூடுதல் நேரம், கூடுதல் ஆபத்து. ஆரம்பிக்கிறவர்கள் அதில் இறங்காமல், அப்படிப்பட்ட டின்னை ஒதுக்கிவைப்பதே நல்லது.

தண்ணீரும் எதிரிதான். வடிகட்டிய எண்ணெயை ஓரிரு நாள் அசையாமல் வைத்து அடியில் தங்கும் தண்ணீரையும் மாவுத் தூளையும் விட்டுவிட்டு மேலே இருப்பதை மட்டும் எடுக்க வேண்டும். பிறகு சூடாக்கி மிச்ச ஈரத்தையும் ஓட்ட வேண்டும். ஆறவைத்த பிறகுதான் மெத்தனால் பக்கமே போகலாம். அது 64.7 டிகிரியில் கொதித்துவிடும். 100 டிகிரியில் இருக்கும் எண்ணெயில் அதை ஊற்றினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வினை முடிந்து கலக்குவதை நிறுத்தினால் கொஞ்ச நேரத்திலேயே கண்ணுக்கு முன்னால் பிரிவது தெரியும். அடியில் கருங்காப்பிபோல கிளிசரின், மேலே தேன் நிறத்தில் பயோடீசல். ஓர் இரவு அப்படியே விட்டுவிட்டுக் காலையில் அடிக்குழாயைத் திறந்து கிளிசரினை இறக்குவார்கள். மேலே இருப்பதைத் தண்ணீர் தெளித்துக் கழுவ வேண்டும். சோப்பும் மெத்தனாலும் தண்ணீரோடு போகும். முதல் கழுவலில் பால்போல் வெள்ளையாக வரும் தண்ணீர், மூன்றாவது நான்காவது கழுவலில் தெளியும். பிறகு மறுபடி சூடாக்கி ஈரம் போக்கினால், பாட்டிலுக்குப் பின்னால் செய்தித்தாளை வைத்து எழுத்தைப் படிக்கும் அளவுக்குத் தெளிவாக நிற்கும்.

தெளிவாக இருந்தால் மட்டும் நல்ல பயோடீசல் ஆகிவிடாது. மாறாமல் தங்கிவிட்ட எண்ணெயும் அதில் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. 27 மில்லிலிட்டர் மெத்தனாலில் 3 மில்லிலிட்டர் பயோடீசலை விட்டு, 20 டிகிரிச் சூட்டை ஒட்டி வைத்துக் குலுக்க வேண்டும். பயோடீசல் மெத்தனாலில் கரையும், எண்ணெய் கரையாது. அடியில் ஒரு துளி தங்கினாலும் வினை பாதியில் நின்றிருக்கிறது என்று பொருள். மறுபடி கொஞ்சம் மெத்தனாலும் காரமும் சேர்த்து ஓட்ட வேண்டும். இது கைச்சோதனைதான். இந்தியத் தரக் குறியீடான ஐஎஸ் 15607, எடையில் 96.5 விழுக்காடாவது எஸ்டர் இருக்க வேண்டும் என்கிறது. தனி கிளிசரின் 0.02 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அந்த அளவுகளைப் பார்க்க வாயு நிறப்பிரிகைக் கருவி வேண்டும். ஊரில் பட்டறை வைத்திருப்பவருக்கு அது எட்டாது. பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையிலோ அது ஏற்கெனவே இருக்கும்.

இங்கே மெத்தனாலைப் பற்றி நிறுத்திச் சொல்ல வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற சாராயத்தில் இருந்தது இதே மெத்தனால்தான். உயிர் தப்பியவர்களில் பார்வை இழந்தவர்களும் இருந்தார்கள். குடித்தால்தான் என்றில்லை, ஆவியாக மூச்சில் போனாலும் தோல் வழியாக இறங்கினாலும் அது நஞ்சு. பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. காஸ்டிக் சோடாவை அதில் கரைக்கும்போது தானாகவே சூடேறும், உண்டாகும் கரைசல் தோலை அரிக்கும். தமிழ்நாட்டில் மெத்தனாலை வாங்கவும் இருப்பு வைக்கவும் உரிமமும் கணக்கும் வேண்டும். அந்தக் கெடுபிடி தேவையானது. அறிவியல் கண்காட்சிகளில் பள்ளி மாணவர்கள் தண்ணீர் பாட்டிலில் மெத்தனாலை ஊற்றிக் குலுக்கி பயோடீசல் செய்து காட்டும் வழக்கத்தை நான் ஏற்க மாட்டேன். காற்றோட்டம், கையுறை, கண்ணாடி, தீயணைப்பான், பூட்டிய அலமாரி, எடுத்த அளவை எழுதும் பதிவேடு எல்லாம் உள்ள இடத்தில், தெரிந்தவர் பக்கத்தில் நிற்கச் செய்ய வேண்டிய வேலை இது.

அடியில் இறங்கிய கிளிசரினிலும் மெத்தனால் இருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மிகையாக ஊற்றியதில் பெரும்பகுதி அங்கேதான் போய் நிற்கும். அதைச் செடிக்கு ஊற்றுவதோ, சாக்கடையில் விடுவதோ கூடாது. மூடிய கலத்தில் சூடாக்கி மெத்தனாலை ஆவியாக்கிக் குளிர்வித்துத் திரும்பப் பிடித்தால், அடுத்த சட்டிக்குப் பயன்படும். அதன் பிறகுதான் கிளிசரின் சோப்புக்குத் தகுதியாகும். காஸ்டிக் பொட்டாஷ் போட்டுச் செய்திருந்தால் கிளிசரின் திரவமாகவே நிற்கும், நீர்ம சோப்பு செய்யத் தோதாக இருக்கும். காஸ்டிக் சோடா போட்டால் ஆறியதும் கட்டிதட்டிவிடும். கழுவிய தண்ணீரையும் சுத்திகரிக்காமல் விட முடியாது. சிகாகோ மாணவர்கள் சோப்பு வேலையில் இறங்கியதை நான் மதிப்பது இதனால்தான். எரிபொருள் செய்வதைவிட, அதன் மிச்சத்தைப் பொறுப்பாகக் கையாள்வதற்கு அதிகப் பொறுமை வேண்டும்.

சரி, இயந்திரம் என்ன சொல்கிறது? பயோடீசலில் ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் டீசலைவிட எட்டு, ஒன்பது விழுக்காடு குறைவு. மசகுத்தன்மை நன்றாக இருக்கும், கந்தகம் கிட்டத்தட்ட இல்லை. 20 விழுக்காடு கலந்த டீசலில் நுண்துகள் ஏறக்குறைய 10 விழுக்காடும், கார்பன் மோனாக்சைடு 11 விழுக்காடும், எரியாத ஹைட்ரோகார்பன் 21 விழுக்காடும் குறைவதாகவும், நைட்ரஜன் ஆக்சைடு மட்டும் 2 விழுக்காடு கூடுவதாகவும் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2002-ல் கணக்கிட்டது. பழைய வண்டியில் முதன்முதலாக ஊற்றும்போது ஒரு வேடிக்கை நடக்கும். பல வருடமாக டாங்கியின் அடியில் படிந்த அழுக்கை பயோடீசல் கரைத்து எடுத்து வந்து ஃபில்டரை அடைத்துவிடும். எரிபொருள் கெட்டது என்று ஓட்டுநர் நினைப்பார். ஃபில்டரை இரண்டொரு முறை மாற்றினால் சரியாகிவிடும். இயற்கை ரப்பர் குழாய்களை அது ஊறவைத்துக் கெடுக்கும் என்பது மட்டும் உண்மையான சிக்கல், குழாயையே மாற்ற வேண்டும்.

குளிரும் ஒரு சிக்கல். பாமாயிலிலிருந்து செய்த பயோடீசல் 15 டிகிரிப் பக்கம் வந்தாலே மங்கத் தொடங்கும், இன்னும் குளிர்ந்தால் மெழுகுபோல் உறையும். சிகாகோவின் குளிர்காலத்தில் எந்த பயோடீசலையும் தனியாக ஊற்ற முடியாது, டீசலோடு கலந்துதான் ஓட்ட முடியும். மதுரையிலோ திருச்சியிலோ இந்தக் கவலை அநேகமாக இல்லை. ஊட்டியில் ஒரு கல்லூரி இதைச் செய்தால் மார்கழி மாதக் காலையில் கஷ்டப்படும்.

பல்கலைக்கழகம் தொடங்கி ஊர் முழுவதும் பரவிய உதாரணமும் இருக்கிறது. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில், அங்குள்ள பல்கலைக்கழகத்தின் வேதியியலாளர் மார்ட்டின் மிட்டல்பாக் பழைய சமையல் எண்ணெயிலிருந்து பயோடீசல் செய்யும் முறையை வளர்த்தெடுத்தார். 1994 முதல் அந்த நகரப் பேருந்துகள் அதில் ஓடத் தொடங்கின. வீடுகளிலும் உணவகங்களிலும் எண்ணெயைச் சேகரித்தார்கள்.

இந்தியா முதலில் வேறு வழியில் போனது. 2002 டிசம்பர் 31 அன்று டெல்லி - அமிர்தசரஸ் சதாப்தி ரயில் 5 விழுக்காடு பயோடீசல் கலந்து ஓட்டிப் பார்க்கப்பட்டது. அடுத்த ஆண்டு, விதையில் எண்ணெய் தரும் காட்டாமணக்கை நம்பித் தேசியத் திட்டம் ஒன்றே வந்தது. தமிழ்நாட்டிலும் தரிசு நிலத்தில் காட்டாமணக்கு நட்ட விவசாயிகளை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். தண்ணீர் இல்லாமல் செடி உயிரோடு நிற்கும், ஆனால் காய்க்காது என்பது நட்ட பிறகுதான் தெரிந்தது. சொன்ன விளைச்சல் வரவில்லை, வாங்கவும் ஆள் வரவில்லை, பலர் பிடுங்கிப் போட்டார்கள். அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. பழைய எண்ணெய்க்கு யாரும் நிலம் கொடுக்க வேண்டாம், மழையை எதிர்பார்க்க வேண்டாம். அது ஏற்கெனவே சட்டியில் இருக்கிறது.

2018-ல் இரண்டு மாற்றங்கள் வந்தன. ஜூலை 1 முதல், துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் விதி செய்தது. ஆகஸ்டில், அப்படிக் கழிக்கப்படும் எண்ணெயைச் சேகரித்து பயோடீசலுக்கு அனுப்பும் 'ரூகோ' திட்டத்தை அறிவித்தது. நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் பொரிக்கப் பயன்படுத்தும் இடங்கள் அதற்குப் பதிவேடு வைக்க வேண்டும் என்பதும் பிறகு வந்தது. 2018-ன் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 2030-க்குள் டீசலில் 5 விழுக்காடு பயோடீசல் கலக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. 2019-ல் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள், பழைய சமையல் எண்ணெயில் செய்த பயோடீசலை முதல் ஆண்டு லிட்டர் 51 ரூபாய்க்கு வாங்கிக்கொள்வதாக அறிவித்தன. ஆக, அந்த 50 லிட்டரைத் தாண்டும் பெரிய விடுதி ஒன்றுக்கு எண்ணெய்க் கணக்கு எழுதுவது இப்போது விருப்பம் சார்ந்த நல்ல காரியமாக இல்லை, சட்டம் எதிர்பார்க்கும் கடமை.

பழைய எண்ணெய்க்கு விலை ஏறினால் புதுச் சிக்கலும் கூடவே வரும். ஐரோப்பாவில் பழைய எண்ணெய் பயோடீசலுக்குச் சலுகை அதிகம் என்பதால், ஆசியாவிலிருந்து போகும் சரக்கில் புதுப் பாமாயிலையே பழையது என்று சொல்லி அனுப்புகிறார்களோ என்ற சந்தேகம் அங்கே பல வருடமாக இருக்கிறது. கப்பலில் வந்த எண்ணெயின் பூர்வீகத்தை யார் கண்டுபிடிப்பது? விடுதி எண்ணெயின் பூர்வீகத்தைச் சமையலறைக்கு நடந்துபோய்க் கேட்டுவிடலாம்.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வளாகத்தில் மாதம் 200 லிட்டர் பழைய எண்ணெய் சேர்கிறது என்று வையுங்கள். கசடும் தண்ணீரும் போக, சுமார் 170 லிட்டர் பயோடீசல் கிடைக்கலாம். அதற்கு 40, 45 லிட்டர் மெத்தனாலும் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் காஸ்டிக் சோடாவும் செலவாகும். லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் போகும் கல்லூரிப் பேருந்து அதில் 600 கிலோமீட்டரைத் தாண்டும். கல்லூரியின் மொத்த டீசல் செலவில் இது சிறிய துண்டுதான். கரண்ட் செலவு, ஆள் நேரம், சோதனைச் செலவு எல்லாம் சேர்த்தால் பெரிய லாபம் நிற்காது. லாபம் வரும் என்று சொல்லி நிர்வாகத்தைச் சம்மதிக்க வைக்கப் பார்ப்பவர்கள் இரண்டாவது வருடத்தில் மாட்டிக்கொள்வார்கள். உண்மையான கணக்கைச் சொல்லியே கேட்க வேண்டும்: மாதம் 200 லிட்டர் கெட்ட எண்ணெய் வெளியே போகவில்லை, அதோடு ஒரு வகுப்பு மாணவர்கள் தரம் பார்த்தலைத் தேர்வுக்காக இல்லாமல் நிஜத்துக்காகக் கற்றுக்கொண்டார்கள்.

எரிபொருளை எதில் ஊற்றுவது என்பதிலும் யோசனை தேவை. இந்தியத் தரக் குறியீட்டின்படி டீசலில் 7 விழுக்காடுவரை பயோடீசல் கலக்கலாம். அதைத் தாண்டிப் புதிய பிஎஸ்-6 பேருந்தில் ஊற்றினால் உத்தரவாதம் போய்விடக்கூடும், தயாரிப்பாளரைக் கேட்காமல் செய்யக் கூடாது. வளாகத்துக்குள்ளேயே நிற்கும் ஜெனரேட்டரும், புல்வெளிக்குத் தண்ணீர் இழுக்கும் பழைய டிராக்டரும் தொடங்க ஏற்றவை. அமெரிக்காவின் டிக்கின்சன் கல்லூரி தன் மாணவர்கள் செய்த பயோடீசலைக் கல்லூரிப் பண்ணையின் வண்டிகளுக்குக் கொடுத்தது. ஜெனரேட்டர் ஓரிடத்தில் நிற்பதால் ஃபில்டரையும் புகையையும் தினமும் பார்க்க முடியும், நடுவழியில் யாரும் நின்றுபோக மாட்டார்கள்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டிய வேலைக்கு எந்த இயந்திரமும் வேண்டாம். தமிழ்நாட்டில் பல விடுதிகளின் சமையல் ஒப்பந்தக்காரர் கையில் இருக்கிறது, பழைய எண்ணெயை விற்கும் காசும் அவருக்கே போகிறது. அடுத்த முறை மெஸ் டெண்டர் போடும்போது அதில் மூன்று வரி சேர்க்க வேண்டும். கழித்த எண்ணெய் கல்லூரிக்குச் சொந்தம். வாரம் ஒருமுறை வேதியியல் துறை அதை எடை போட்டு எடுத்துக்கொள்ளும். எண்ணெயை எத்தனை முறை சூடாக்கலாம் என்பதைத் துறையின் சோதனை முடிவு செய்யும். பியூரெட்டும் ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தால் அன்றைக்கே தொடங்கிவிடலாம். பயோடீசல் கலம் வாங்கும்வரை அந்த டின்கள் ரூகோ திட்டத்தில் பதிவு செய்த சேகரிப்பாளருக்குப் போகட்டும், ரசீதோடு.